அடையாறு புற்றுநோய் மருத்துவமனை

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்று மக்களால் அழைக்கப்படும் புற்றுநோய் நிலையம், தமிழ்நாட்டின் தலைநகரான சென்னையில் அமைந்துள்ள இலாப நோக்கற்ற மருத்துவ, ஆய்வு நிறுவனம் ஆகும். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், இந்திய மாதர் சங்கம் திரட்டிய நிதியைக் கொண்டு இது நிறுவப்பட்டது. 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவில் புற்றுநோய்க்கென்றே தனியாக எழுந்த முதல் மருத்துவமனை இதுவே.

இளம் வயதிலேயே மலக்குடல் புற்றுநோய்க்குப் பலியான தன் சகோதரியின் நினைவே முத்துலட்சுமி ரெட்டியை இப்பணிக்குத் தூண்டியது. அந்த இறப்புக்கும் மருத்துவமனைத் திறப்புக்கும் இடையே 31 ஆண்டுகள் கடந்தன. அவருடைய மகன் மருத்துவர் சு. கிருஷ்ணமூர்த்தி இதன் முதல் இயக்குநராக விளங்கினார். ஒரு குடும்பத்தின் துயரிலிருந்து தோன்றிய நிறுவனமாயினும், இதன் பெயரில் அக்குடும்பத்தவர் எவருடைய பெயரும் இல்லை. அலுவல்முறைப் பெயரில் இன்றும் இந்திய மாதர் சங்கமே இடம்பெறுகிறது.

பின்னணி

முத்துலட்சுமி ரெட்டி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபினர். ஆண்கள் மட்டுமே படித்துவந்த புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் இவரைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் தலையிட்டு இடமளித்தார். பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912 இல் பட்டம் பெற்றார். 1914 இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

சகோதரியின் நோய் தொடக்கத்தில் சீதபேதி என்று கருதப்பட்டு, அதற்கான மருந்துகளே தரப்பட்டன. மலக்குடல் புற்றுநோயில் மலத்துடன் குருதி கலந்து வருதல், அடிக்கடி மலம் கழிக்கும் உணர்வு, அடிவயிற்று வலி ஆகியவை தோன்றும். சீதபேதிக்கும் இவையே அறிகுறிகள். இளம் வயதினரிடம் புற்றுநோயை எவரும் எதிர்பார்ப்பதில்லை என்பதால் இந்தக் குழப்பம் இன்றும் நேர்கிறது. விரலால் செய்யப்படும் எளிய மலக்குடல் சோதனையிலேயே இத்தகைய கட்டிகள் பலவற்றைக் கண்டறிய முடியும். உண்மை நோய் தெரியவந்தபோது சகோதரி குணப்படுத்தக்கூடிய நிலையைக் கடந்திருந்தார். அவர் 1923 இல் இறந்தார். வீட்டிலேயே ஒரு மருத்துவர் இருந்தும் காப்பாற்ற இயலாமற்போன இறப்பு அது. புற்றுநோயை அறிந்து மருத்துவம் செய்யும் இடம் ஒன்று நாட்டில் வேண்டும் என்ற எண்ணம் முத்துலட்சுமியிடம் அன்று தோன்றியது.

1925 இல் பெண்கள், குழந்தைகள் நோய்கள் பற்றிய மேற்படிப்புக்காக அவர் இலண்டன் சென்றார். அங்குப் பார்த்தவற்றுள் அவர் மனத்தில் பதிந்தது, பின்னாளில் ராயல் மார்ஸ்டன் எனப் பெயர் பெற்ற புற்றுநோய் மருத்துவமனையாகும். அதன் வரலாறும் இதை ஒத்ததே. வில்லியம் மார்ஸ்டன் என்ற மருத்துவர் 1846 இல் தன் மனைவியைப் புற்றுநோய்க்கு இழந்தார். அந்நோயைப் பற்றித் தன் துறை ஒன்றும் அறியாதிருப்பதை அப்போது உணர்ந்த அவர், 1851 இல் ஏழைகளிடம் கட்டணம் பெறாத புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். புற்றுநோய்க்கென்றே உலகில் அமைந்த முதல் மருத்துவமனையாக அது கருதப்படுகிறது. சகோதரியை இழந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த ஒருவருக்கு அந்த இடம் எத்தகைய பொருளைத் தந்திருக்கும் என்பதை எளிதில் உணரலாம்.

நிறுவுவதற்கான முயற்சிகள்

நாடு திரும்பிய முத்துலட்சுமி சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானார். 1927 இல் அதன் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறை ஒழிப்பு, குழந்தைத் திருமணத் தடுப்பு ஆகியவற்றுக்காகப் போராடினார். ஆதரவற்ற பெண் குழந்தைகளுக்கு அவ்வை இல்லத்தை உருவாக்கினார். இப்பணிகளுக்கிடையே புற்றுநோய் மருத்துவமனைத் திட்டம் பல ஆண்டுகள் பின்தங்கியே இருந்தது.

1935 இல் நடைபெற்ற சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் அவர் இக்கோரிக்கையைப் பொதுமேடையில் முன்வைத்தார். அக்காலத்தில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையைச் சேர்ந்த பர்னார்டு கதிரியல் நிலையத்தில் கதிர்வீச்சு வசதி இருந்தது. ஆனால் அறுவை, கதிர்வீச்சு, நோய்க்குறியியல், தொடர் கண்காணிப்பு எல்லாம் ஒரே கூரையின்கீழ் அமைந்த தனி மருத்துவமனை எதுவும் இல்லை. புற்றுநோய் என்றால் சாவு என்பதே மக்களின் எண்ணம். மருத்துவர்கள் பலரும் அவ்வாறே எண்ணினர். புற்றுநோயாளிகள் எப்படியும் இறக்கத்தானே போகிறார்கள், அவர்களுக்கு எதற்கு ஒரு மருத்துவமனை என்னும் பொருள்பட அமைச்சர் ஒருவர் கேட்டதை மருத்துவர் சாந்தா பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். இக்கேள்வியைக் கொடுமை என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. தொற்றுநோய்களுக்கே மருந்தும் படுக்கையும் போதாதிருந்த மாநிலத்தில், குணமாகும் என்ற உறுதியில்லாத நோய்க்கு ஏன் செலவிட வேண்டும் என்ற வாதம் அன்று பலருக்கும் ஏற்புடையதாகவே இருந்தது. குணமானவர்களைக் காட்டுவதே அதற்கு விடை. ஆனால் குணப்படுத்த முதலில் ஓர் இடம் வேண்டியிருந்தது.

அரசை மட்டும் நம்பிப் பயனில்லை என்ற நிலையில், 1949 இல் இந்திய மாதர் சங்கம் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றை ஏற்படுத்தியது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ் முதலியோரால் 1917 இல் அடையாற்றில் தொடங்கப்பட்ட இச்சங்கத்தில் முத்துலட்சுமி நெடுங்காலம் முன்னணியில் பணியாற்றியவர். பொதுமக்களின் நன்கொடைகளால் நிதி வளர்ந்தது. 1952 அக்டோபர் 10 அன்று அன்றைய பிரதமர் ஜவகர்லால் நேரு மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார்.

தொடக்க ஆண்டுகள்

1954 இல் திறக்கப்பட்டபோது இது மிகச் சிறிய மருத்துவமனை. படுக்கைகள் 12. மருத்துவர்களும் செவிலியரும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவினர். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் புற்றுநோய் மருத்துவத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்த கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். தாய் நிதி திரட்டவும் மகன் நோயாளிகளைக் கவனிக்கவும் என வேலை பிரிந்தது.

1955 ஏப்ரல் 13 அன்று மருத்துவர் வி. சாந்தா பணியில் சேர்ந்தார். 1927 இல் மயிலாப்பூரில் பிறந்த சாந்தா, நோபல் பரிசு பெற்ற அறிவியலாளர் ச. வெ. இராமனின் குடும்பத்தைச் சேர்ந்தவர். மகப்பேற்று மருத்துவத்தில் உயர்பட்டம் பெற்று, அரசுப் பணித் தேர்விலும் தேறியிருந்தார். எழும்பூர் மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் கிடைத்த பணியை விடுத்துப் பெயரறியாத இச்சிறு மருத்துவமனைக்கு அவர் வந்தது உறவினருக்கும் ஆசிரியருக்கும் வியப்பளித்தது. முதல் மூன்று ஆண்டுகள் ஊதியமின்றிப் பணியாற்றினார். அதன்பின் மாதம் 200 ரூபாயும் வளாகத்திலேயே தங்குமிடமும் அளிக்கப்பட்டன. அவ்வளாகமே அவருடைய வாழ்நாள் இல்லமாயிற்று.

1950களில் கனடாவிலிருந்து கோபால்ட்-60 தொலைக்கதிர் கருவி பெறப்பட்டது. ஆசியாவில் நிறுவப்பட்ட இவ்வகைக் கருவிகளுள் மிகப் பழமையானவற்றில் இதுவும் ஒன்று. கோபால்ட்-60 வெளியிடும் காமாக் கதிர்கள் பழைய எக்சு-கதிர்க் கருவிகளைக் காட்டிலும் உடலின் ஆழத்திலுள்ள கட்டிகளைச் சென்றடைபவை. தோலுக்கு ஏற்படும் கேடும் குறைவு. கருப்பை வாய், வாய், தொண்டைப் புற்றுநோய்கள் மிகுதியாக இருந்த தமிழ்நாட்டில் இதன் பயன் பெரிது. ஆனால் கோபால்ட்-60 இன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 5.3 ஆண்டுகளே. அதாவது, வாங்கி வைத்த கதிர்மூலம் ஐந்தாண்டில் பாதி வலுவை இழந்துவிடும். கருவியை நன்கொடையாகப் பெற்றாலும் கதிர்மூலத்தை மாற்றுவதற்கான செலவு மீண்டும் மீண்டும் வரும். நன்கொடையால் இயங்கும் மருத்துவமனை ஒன்று ஒருமுறை நிதி திரட்டி ஓய்ந்துவிட முடியாமைக்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

1956 இல் முத்துலட்சுமிக்குப் பத்ம பூசண் விருது வழங்கப்பட்டது. 1968 ஜூலை 22 அன்று அவர் காலமானார். அடுத்த ஆண்டில் இம்மருத்துவமனையின் பெயர் தமிழகம் முழுவதும் பேசப்படும் சூழல் உருவானது. அன்றைய முதலமைச்சர் கா. ந. அண்ணாதுரை உணவுக்குழாய்ப் புற்றுநோயால் பாதிக்கப்பட்டு, அமெரிக்காவில் அறுவை மருத்துவம் பெற்றுத் திரும்பிய பின், நோய் முற்றிய நிலையில் இங்கேயே சேர்க்கப்பட்டார். 1969 பிப்ரவரி 3 அன்று இறந்தார்.

மருத்துவ, ஆய்வுப் பணிகள்

வெற்றிலை, புகையிலைப் பழக்கத்தால் வரும் கன்னப் புற்றுநோய் முற்றிய நிலையில் உள்ளவர்களே தொடக்கத்தில் பெரும்பாலும் இங்கு வந்தனர். அறுவைக்கு ஏலாத இத்தகையோருக்குக் கதிர்வீச்சுடன் மருந்தையும் இணைத்து அளிக்கும் முறையைக் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் 1960களில் ஆய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். கதிர்வீச்சையும் மருந்தையும் இணைத்தல் இன்று உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. அக்காலத்தில் அது புதுமை.

குழந்தைகளின் புற்றுநோய்க்கெனத் தனிப் பிரிவும் இங்குத் தொடக்கத்திலேயே அமைந்தது. 1980களில் அமெரிக்கத் தேசிய புற்றுநோய் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகம், சென்னைப் புற்றுநோய் நிலையம் ஆகிய மூன்றும் குழந்தைகளின் கடும் குருதிப் புற்றுநோய்க்கு ஒரே வகையான மருத்துவ நெறியைப் பின்பற்றத் தொடங்கின. எம்.சி.பி-841 என்ற இந்நெறி, மேலை நாடுகளில் உள்ள அளவு வசதிகள் இல்லாத மருத்துவமனைகளிலும் செயற்படுத்தத்தக்க வகையில் வகுக்கப்பட்டது. அதற்கு முன் இந்நோயுற்ற இந்தியக் குழந்தைகளில் மிகச் சிலரே பிழைத்தனர்.

1975 இல் இந்திய அரசு இதனை வட்டாரப் புற்றுநோய் மையமாக அறிவித்தது. 1984 இல் புற்றுநோயியல் கல்லூரி தொடங்கப்பட்டது. அறுவைப் புற்றுநோயியலிலும் மருந்துப் புற்றுநோயியலிலும் நாட்டிலேயே முதன்முறையாக உயர்சிறப்புப் பட்டப்படிப்புகள் இங்கு நடத்தப்பட்டன. இது பெருமைக்குரிய செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ளத்தக்கதன்று. சிறிய ஊர்களிலும் நோயைச் சரியாகக் கண்டறியும் மருத்துவர்கள் இருந்தாலன்றி, 1923 இல் நேர்ந்ததைத் தவிர்க்க இயலாது.

சென்னை மாநகர மக்களின் புற்றுநோய்ப் பதிவேடு 1980களின் தொடக்கத்திலிருந்து இந்நிலையத்தால் பேணப்படுகிறது. சென்னைப் பெண்களிடையே கருப்பை வாய்ப் புற்றுநோய் குறைந்துவருவதையும், மார்பகப் புற்றுநோய் பெருகி முதலிடத்துக்கு வந்துவிட்டதையும் இப்பதிவேடே எடுத்துக்காட்டியது. புகையிலைப் பழக்கத்தைக் கைவிட உதவும் மருத்துவப் பிரிவும் இங்கு உள்ளது.

கிருஷ்ணமூர்த்திக்குப் பின் 1980 முதல் 1997 வரை சாந்தா இயக்குநராக இருந்தார். அதன் பின்னும் இறுதிவரை நிலையத்தை வழிநடத்தினார். 2005 இல் ரமோன் மக்சேசே விருதும், 2016 இல் பத்ம விபூசண் விருதும் பெற்றார். கிருஷ்ணமூர்த்தி 2010 ஜூலை 2 அன்றும், சாந்தா தமது 93ஆம் வயதில் 2021 ஜனவரி 19 அன்றும் காலமாயினர். சாந்தாவின் உடலுக்கு அரசு மரியாதை செலுத்தப்பட்டது.

ஏழை நோயாளிகள்

பணமின்மையைக் காரணமாக்கி எவரையும் திருப்பி அனுப்புவதில்லை என்பது தொடக்கம் முதலான கொள்கை. 2005 அளவில் நிலையத்தில் 400க்கும் மேற்பட்ட படுக்கைகள் இருந்தன. அவற்றில் பெரும்பகுதி பொதுப் படுக்கைகளாகும். அவற்றில் தங்கும் ஏழை நோயாளிகளிடம் இடத்துக்கும் உணவுக்கும் கட்டணம் பெறுவதில்லை. வசதியுள்ளோர் செலுத்தும் கட்டணம், நன்கொடைகள், அரசு மானியம் ஆகியவற்றால் செலவு ஈடுகட்டப்படுகிறது. பிற்காலத்தில் தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் புற்றுநோய் மருத்துவத்துக்குத் துணைநிற்கிறது.

எனினும் நோயாளியின் குடும்பத்துக்கு ஆகும் செலவு மருத்துவமனைக் கட்டணத்தோடு முடிந்துவிடுவதில்லை. கதிர்வீச்சு மருத்துவம் பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாட்கள் என ஐந்து முதல் ஏழு வாரங்கள் வரை அளிக்கப்படுகிறது. ஒவ்வொரு நாளும் சில நிமிடங்களே ஆகும். ஆனால் ஒவ்வொரு நாளும் வந்தாக வேண்டும். உடன் வருபவர் அந்நாட்களின் கூலியை இழக்கிறார். வெளியூரார் தங்குமிடமும் உணவும் தேட வேண்டும். வீட்டில் விட்டுவந்த குழந்தைகளை வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். பாதியில் மருத்துவத்தைக் கைவிட்டு ஊர் திரும்புவோரில் பலர், குணமாகும் வாய்ப்பு இருந்தும் இக்காரணங்களாலேயே திரும்புகின்றனர். அடையாற்றுப் பகுதியில் நோயாளிகளும் உடன் வருவோரும் தங்குவதற்கு அறக்கட்டளைகள் நடத்தும் இல்லங்கள் இக்குறையை ஓரளவு நீக்குகின்றன. மருத்துவத்துக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிகளுக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் இந்திய இரயில்வே கட்டணச் சலுகை அளிக்கிறது.

அமைவிடமும் தென்சென்னைப் புறநகரும்

நிலையம் இரண்டு வளாகங்களாக இயங்குகிறது. பழைய வளாகம் அடையாறு காந்தி நகரிலும், புதிய வளாகம் கிண்டியை ஒட்டிய சர்தார் படேல் சாலையிலும் உள்ளன.

மருத்துவமனை திறக்கப்பட்ட காலத்தில் அடையாறே நகரின் தென்கோடியாக இருந்தது. அதற்கப்பால் வேளச்சேரி, பள்ளிக்கரணை, மேடவாக்கம் ஆகியவை வயல்களும் ஏரிகளும் சதுப்பு நிலமும் சூழ்ந்த சிற்றூர்கள். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த மேடவாக்கம் 1997 முதல் காஞ்சிபுரம் மாவட்டத்திலும், 2019 முதல் புதிய செங்கல்பட்டு மாவட்டத்திலும் உள்ளது. வேளச்சேரி–தாம்பரம் சாலை வழியே நகரம் தெற்கே வளர்ந்ததால், இன்று இப்பகுதிகளில் வாழும் நோயாளி வீட்டிலிருந்தே நாள்தோறும் பேருந்தில் சென்று கதிர்வீச்சு பெற்றுத் திரும்ப முடிகிறது. விழுப்புரத்திலிருந்தோ ஆந்திரத்திலிருந்தோ வருபவருக்குக் கிட்டாத வாய்ப்பு இது. மேடவாக்கத்தை அடுத்த பெரும்பாக்கத்தில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளில் குடியேற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கும் இது அணுகத்தக்க தொலைவே. ஆயினும் நாட்கூலிக்குச் செல்வோருக்கு அரைநாள் பயணம் என்பது அன்றைய வருவாயை இழப்பதாகும்.

இப்பகுதியில் தனியார் மருத்துவமனைகளும் பின்னர் தோன்றின. 2019 இல் தரமணியில் புரோட்டான் கதிர் மருத்துவ மையம் ஒன்று திறக்கப்பட்டது. தனி ஒருவர் முயற்சியால் நோயாளிகளுக்கென எழுந்த நிலையம் இப்புறநகருக்குப் புதிதன்று. 1928 இல் மருத்துவர் டேவிட் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். 1937 இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. தாம்பரம் சானடோரியம் என்ற இரயில் நிலையப் பெயர் அதனால் வந்ததே.

நினைவாக எழுந்த பிற புற்றுநோய் நிலையங்கள்

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, 1931 இல் குருதிப் புற்றுநோயால் இறந்த மெஹர்பாய் டாட்டாவின் நினைவோடு தொடர்புடையது. அவர் கணவர் தோராப்ஜி டாட்டாவும் அடுத்த ஆண்டில் இறந்தார். அவருடைய அறக்கட்டளையின் பொருளால் மருத்துவமனை 1941 இல் திறக்கப்பட்டது. பெருஞ்செல்வம் கொண்ட குடும்பத்துக்கே இதற்கு ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆயின. பாகிஸ்தானின் இலாகூரில் உள்ள சவுகத் கானம் நினைவு மருத்துவமனை, கிரிக்கெட் வீரர் இம்ரான் கான் தன் தாயின் நினைவாக, உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் நன்கொடை திரட்டி 1994 இல் திறந்ததாகும். தமிழ்நாட்டில், அண்ணாதுரையின் நினைவாக அவர் பிறந்த காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையை அரசு நடத்துகிறது.

முத்துலட்சுமி இலண்டனில் கண்ட மருத்துவமனை, அதன் நிறுவனரான மார்ஸ்டனின் பெயரை 1954 இல் பெற்றது. அடையாறு மருத்துவமனை திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.